பழைய எம்எக்ஸ்-5க்கு ஒற்றை கராஜ்: இன்சுலேஷன், எபாக்சி, சஸ்பென்ஷன் — எதை முதலில் தொடுவது?

கூரைதிற:
வண்டி 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 என்ஜின், பிரிட்டனில் விற்ற வண்டி. கராஜ் உள்ளளவு 5.2 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். ஒற்றைச் செங்கல் சுவர், கான்கிரீட் தரை, மேலே தூக்கும் தகரக் கதவு, அலைத்தகடு மாதிரி சிமென்ட் கூரை. நவம்பர் முதல் மார்ச் வரை வண்டி வெளியே போகாது.

திட்டம் இது: இரண்டு பக்கச் சுவருக்கும் 50 மிமீ பிஐஆர் பலகை (வெப்பம் கடத்தாத நுரைப் பலகை), தரைக்கு எபாக்சி (இறுகும் பிசின் பூச்சு), குளிருக்கு ஒரு கேஸ் ஹீட்டர். அதற்குப் பிறகு புதிய டாம்பர் (ஷாக் அப்சார்பர்), கூலன்ட் ரீரூட் (என்ஜின் குளிர்நீர் ஓடும் பாதையை மாற்றுவது), இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) 14 டிகிரிக்கு முன்னேற்றுவது. இந்த வரிசை சரியா? எதையாவது விட்டுவிட்டேனா?

மரைசாவி:
வரிசையைத் தலைகீழாகத் திருப்புங்கள். இரும்பு துருப்பிடிப்பது குளிரால் அல்ல, ஈரத்தால். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது துரு வேகம் பிடிக்கும். உப்பு ஒட்டிய தகட்டில் அதற்கும் கீழேயே ஆரம்பித்துவிடும். உங்கள் பட்டியலில் ஈரத்தைக் குறைக்கிற வேலை ஒன்றுகூட இல்லை. கேஸ் ஹீட்டர் அதை ஏற்றவே செய்யும்: 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். புகைபோக்கி இல்லாத ஹீட்டர் என்றால் அவ்வளவும் கராஜுக்குள்ளேயே தங்கி, இரவில் குளிர்ந்த தகட்டில் படியும். மண்ணெண்ணெய் ஹீட்டரும் இப்படித்தான், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. அந்த ஹீட்டரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள். நினைவகம் உள்ள ஈரப்பதமானி இரண்டு போதும். ஒன்றைத் தரையிலிருந்து 20 செமீ உயரத்தில், இன்னொன்றைக் கூரைக்குக் கீழே வையுங்கள். இரண்டு வாரம் அப்படியே ஓடட்டும்.

தரைக்குத் தனிச் சோதனை உண்டு. 45 செமீ சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் துளிகள் இருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் தரைக்கு அடியிலிருந்து ஏறுகிறது என்று பொருள். மூன்று இடத்தில் செய்யுங்கள்: கதவோரம், நடு, பின்சுவர் ஓரம். கதவோரம் மட்டும் நனைந்தால் சிக்கல் வாசலில்தான் இருக்கிறது.

கூரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அலைத்தகடு சிமென்ட் கூரை பழையது என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்தது 1999இல்தான். துளை போடாதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், அழுத்தத் தண்ணீர் அடிக்காதீர்கள். ஒரு துண்டைப் பரிசோதித்து அறிக்கை வாங்கிய பிறகே அதில் கை வையுங்கள்.

பத்து மிமீ:
சுவர் இன்சுலேஷனும் வேண்டாம் என்பேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். காரின் அகலம் 1.675 மீட்டர், கராஜ் 2.5. மிச்சம் 82 செமீ. ஒற்றைச் செங்கல் சுவரில் மழை ஊடுருவும், அதனால் பலகையைச் சுவரோடு ஒட்டக் கூடாது. 25 மிமீ காற்று இடைவெளி, 50 மிமீ பலகை, மேலே 12 மிமீ ப்ளைவுட் என்று பக்கத்துக்கு ஏறத்தாழ 9 செமீ போகும். இரண்டு பக்கமும் செய்தால் மிச்சம் 64 செமீ. காரை ஒரு பக்கமாக ஒட்டி நிறுத்தினாலும் கதவைத் திறந்து இறங்குவதே பாடு, பக்கவாட்டில் உட்கார்ந்து வேலை செய்ய இடமே இருக்காது.

அந்தப் பணத்தில் சுவரை வெளியிலிருந்து சரிசெய்யுங்கள். உதிர்ந்த கலவையைச் சுரண்டி மறுபூச்சு. வெளித்தரை மட்டம் சுவரின் ஈரத்தடைக்கு (தரையீரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு) 150 மிமீ கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணோ சரளையோ அதற்கு மேல் குவிந்திருந்தால் வாரி எடுங்கள். பிறகு சுவாசிக்கக்கூடிய சைலேன்-சைலாக்சேன் வகை நீர்விலக்கிப் பூச்சு. பிளாஸ்டிக் மாதிரிப் படலமாகும் பெயின்ட் அடித்தால் ஈரம் செங்கலுக்குள்ளேயே சிறைப்பட்டு, உறைபனியில் செங்கல் முகம் பொரிந்து விழும்.

கதவடிக்கு 15 முதல் 20 மிமீ உயர ரப்பர் வாசல்பட்டை, பாலியூரத்தேன் பசையில் ஒட்டுவது. தரையைக் கழுவி நன்றாக உலரவிட்ட பிறகு ஒட்டுங்கள், ஈரத்தில் ஒட்டினால் ஒரு குளிர்காலத்துக்கே உரிந்துவரும். ஒட்டுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே கொட்டிச் சரிவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். தரை உள்நோக்கிச் சரிந்தால் நனைந்த காரிலிருந்து சொட்டும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போய்விடும்.

கூரைதிற:
நன்றி அண்ணா, ஹீட்டரும் சுவர்ப் பலகையும் போயாச்சு. டீஹியூமிடிஃபையர் வாங்கலாமா, அல்லது ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமா?

மரைசாவி:
சும்மா திறந்து வைப்பது பிரிட்டன் வசந்தத்தில் எதிர்மாறாக வேலை செய்யும். உறைபனி இரவுக்குப் பிறகு மிதமான ஈரக்காற்று வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வெளிக்காற்று 12 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதன் பனிநிலை (ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 8.7 டிகிரிக்குப் பக்கம். என்ஜின் பிளாக்கும் டிஃப்பும் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) பிரேக் டிஸ்க்கும் இன்னும் 5 டிகிரியிலேயே இருக்கும். காற்று பட்டதும் மூன்றும் வியர்க்கும். காலையில் டிஸ்க் மீது ஆரஞ்சு நிறத் தூள் தெரிவதற்குக் காரணம் இதுதான், கூரை ஒழுகல் அல்ல.

டீஹியூமிடிஃபையரில் இரண்டு வகை. கம்ப்ரசர் வகை 15 டிகிரிக்குக் கீழே திறன் இழக்கும், இன்னும் குளிர்ந்தால் அதன் சுருளிலேயே பனி உறைந்து, உருக்குவதற்கே பாதி நேரம் போகும். சூடில்லாத கராஜுக்கு ஈரம் உறிஞ்சும் பொருளால் இயங்கும் டெசிக்கன்ட் வகைதான். உறைநிலைக்குச் சற்று மேலே வரை வேலை செய்யும், காற்றையும் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கும். மின்சாரம் அதிகம் தின்னும், ஆனால் 55 சதவீதத்தில் நிற்கும்படி அமைத்தால் நாள் முழுக்க ஓடாது. தொட்டியை நம்பாமல் வடிகுழாயை வெளியே விடுங்கள். தொட்டி நிரம்பிய நொடியில் இயந்திரம் நின்றுவிடும், யாரும் கவனிக்கமாட்டார்கள்.

கதவிடுக்கையும் கூரை விளிம்பையும் அடைக்காமல் அதை ஓட்டினால் தெருவிலுள்ள காற்றையெல்லாம் உலர்த்தப் பார்ப்பீர்கள். அடைப்பு முதலில், இயந்திரம் பிறகு. வண்டியை எடுக்கும் மாதங்களில் இயந்திரத்தை அணைத்துக் காற்றோட்டம் கொடுங்கள், ஏனென்றால் பெட்ரோல் ஆவி தரையோரம்தான் தேங்கும். கராஜுக்குப் புது மின்சுற்று இழுப்பதென்றால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். இங்கிலாந்தில் புதுச் சுற்று கட்டட விதிப்படி அறிவிக்க வேண்டிய வேலை, பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

யாழ் ரோட்ஸ்டர்:
தம்பி, கராஜை எவ்வளவு காய வைச்சாலும் காருக்கு உள்ளுக்குத் தண்ணி நிண்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. இந்தக் காரில முதல் பார்க்க வேண்டியது கூரையின்ர வடிகால். துணிக்கூரையில விழுற மழை பின்னுக்கு இருக்கிற வாய்க்காலால ஓடி, சீற்றுக்குப் பின்னால ரெண்டு மூலையிலயும், சீற் பெல்ற் கோபுரத்துக்குக் கிட்ட இருக்கிற ஓட்டையால இறங்கி, பின் ரயருக்குச் சற்று முன்னால அடியால வெளியில வரவேணும். இலை, பாசி, கூரைத் துணியின்ர பஞ்சு எல்லாம் சேர்ந்து அது அடைபட்டால், தண்ணி காபெற்றுக்கும் சில்லுக்கும் போகும். சில் எண்டது கதவுக்குக் கீழ போற பெட்டி மாதிரித் தகடு, காரின்ர பலமே அதிலதான். பின் ரயருக்கு முன்னால அது உள்ளுக்கிருந்து உக்கி, வெளியில கொப்புளம் தெரியேக்க உள்தகடு ஏற்கனவே போயிருக்கும். எம்ஓடியில, அதாவது வருசாவருசம் நடக்கிற வாகனச் சோதனையில, விழுத்துறதும் அந்த இடம்தான்.

சோதனை லேசு. அரை லிற்றர் தண்ணியை ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் மெதுவா ஊத்துங்கோ, இன்னொராள் கீழ பார்க்க வேணும். ஊத்தின உடன கீழ ஓடவேணும். மேல தேங்கினாலோ சொட்டுச் சொட்டா வந்தாலோ அடைப்பு. புல்லு வெட்டுற மெசினுக்குப் போடுற நைலோன் நூல், 3 மிமீ மொத்தம், நுனியை நெருப்பில காட்டி உருண்டையாக்கிப் போட்டு மேலயிருந்து சுத்திச் சுத்தி விடுங்கோ. இரும்புக் கம்பியால குத்தாதேங்கோ. கொம்பிரசர் காத்தும் அடிக்காதேங்கோ. உள்ளுக்கு இருக்கிற குழாய் மூட்டு கழண்டால் தண்ணி நேரா சில்லுக்கு உள்ளுக்கே போகும், பிறகு கூரையைக் கழட்டாமல் அதைத் திருப்பிப் போட ஏலாது. வருசத்துக்கு ரெண்டுதரம், இலை விழுந்து முடிஞ்ச உடன ஒருக்கா, மார்ச்சில ஒருக்கா.

முன் ரயருக்குப் பின்னால உள்ள பிளாஸ்ரிக் லைனரையும் கழட்டிப் பாருங்கோ. அதுக்குப் பின்னால, சில்லின்ர முன்முனையில மண்ணும் இலையும் சேர்ந்து ஈரச் சேறாக் கிடக்கும். கையால வாரிப் போட்டுக் கழுவுங்கோ. சில்லின்ர அடியில மடிப்போரமா இருக்கிற சின்ன வடிகால் வெடிப்புகளையும் பிளாஸ்ரிக் குச்சியால சுரண்டித் திறந்து விடுங்கோ.

பத்து மிமீ:
யாழ் ரோட்ஸ்டர் சொன்னது முடிந்த பிறகே மெழுகு. இந்த இடத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். ஈரமான பெட்டிக்குள் கேவிட்டி மெழுகு அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். வடிகால் சுத்தமாகி, வண்டி உலர்ந்த கராஜில் குறைந்தது இரண்டு வாரம் நின்ற பிறகு அடியுங்கள்.

360 டிகிரி தெறிக்கும் நாசில் பொருத்திய நீளக் குழாய் வேண்டும். டின்னை 20 நிமிடம் வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள், குளிர்ந்த மெழுகு சிதறாமல் கட்டியாகத் துப்பும். கதவுப்படித் தகட்டைக் கழற்றினால் தெரியும் துளைகள், சீட் பெல்ட் பக்கத் துளைகள் வழியாகக் குழாயைக் கடைசிவரை செலுத்தி, அழுத்தியபடி நொடிக்கு 5 செமீ வேகத்தில் பின்னுக்கு இழுங்கள். மறுநாள் எதிர்முனையிலிருந்து இரண்டாம் பூச்சு. இரண்டு சில்லுக்கும் 750 மிலி டின் இரண்டு எடுத்து வையுங்கள். அடித்து முடித்த அரை மணியில் அடி வடிகால்களைக் குச்சியால் மறுபடி திறந்துவிட வேண்டும், மெழுகே அவற்றை அடைத்துவிடும்.

இதைப் படிக்கும் 1998க்குப் பிந்தைய என்பி (இரண்டாம் தலைமுறை) வண்டிக்காரர்களுக்கும் ஒன்று. உங்கள் வண்டியின் பலவீனம் சில் மட்டுமல்ல. முன்பக்கச் சேசிஸ் கால்கள் இரட்டைத் தகடு, இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே நன்றாகத் தெரிவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், சிறு சுத்தியால் தட்டிச் சத்தம் கேளுங்கள்.

நீலவண்டி:
நிறுத்தி வைக்கும்போது மேலே உறை போடலாமா? தரை எபாக்சிக்கும் யாராவது அளவு சொல்லுங்கள்.

மரைசாவி:
மூச்சுவிடும் துணி உறை என்றால் சரி. பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது. நனைந்த வண்டியை எந்த உறையாலும் மூடக் கூடாது. கூரையை மூடிய நிலையில், இழுத்து மாட்டி விடுங்கள். மடித்து ஐந்து மாதம் வைத்தால் துணி சுருங்கும், பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடியில் நிரந்தர மடிப்பு விழும். முதல் தலைமுறையான என்ஏவில் கூரையை மடக்கும் முன் அந்தக் கண்ணாடியின் ஜிப்பைத் திறந்து தட்டையாகக் கிடத்த வேண்டும், கடுங்குளிரில் மடக்கினால் அது வெடித்துவிடும்.

எபாக்சி: பாலித்தீன் சோதனையில் தேறாத தரையில் அடிக்காதீர்கள், அடியிலிருந்து வரும் ஈரம் தகடு தகடாகத் தூக்கிவிடும். தேறிய தரையிலும் எண்ணெய்க் கறையைக் காரக் கழுவியால் எடுத்து, வைர வட்டு போட்ட கிரைண்டரால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குங்கள். வாடகைக்குக் கிடைக்கும், தூசி உறிஞ்சியும் முகமூடியும் சேர்த்தே எடுங்கள். 5.2 x 2.5 என்றால் 13 சதுர மீட்டர். டப்பாவில் போட்டிருக்கும் பரப்புக் கணக்கை வழவழப்பான தரைக்கு என்று எடுத்துக்கொண்டு, முதல் பூச்சுக்குக் கால் பங்கு கூடுதலாக வாங்குங்கள். தரை வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழ் என்றால் தள்ளிப்போடுங்கள். கலந்த பிறகு வாளியில் விட்டால் சூடேறி இறுகும், உடனே தரையில் கொட்டி உருளையால் பரப்புங்கள். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலிருக்கும், ஆனால் ஒரு வாரம் கழித்தே காரை ஏற்ற வேண்டும். ஓடிவந்த சூட்டு டயர் முழுதாக இறுகாத எபாக்சியைப் பிய்த்துக்கொண்டு வரும். சிக்கனம் வேண்டுமென்றால் எபாக்சியை விட்டுவிட்டு ஊடுருவும் சிலிகேட் இறுக்கி மட்டும் அடியுங்கள், தூசி நிற்கும், உரிவதற்கு எதுவும் இல்லை.

பத்து மிமீ:
பாட்டரி பற்றி யாரும் பேசவில்லை. இந்தக் காரில் அது டிக்கிக்குள், வலது மூலையில் இருக்கிறது. கம்பெனியில் போட்டது கசியாத ஏஜிஎம் வகை, வாயு வெளியேற இரண்டு சிறு குழாய்களோடு. விலை குறைவு என்று சாதாரண நீர் பாட்டரி போட்டால் அமில ஆவி டிக்கித் தரையைத் தின்றுவிடும். ஏஜிஎம்மே வாங்கி, குழாய்கள் கார்த்தரைத் துளை வழியே வெளியே போகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். குளிர்காலம் முழுக்கப் பராமரிப்புச் சார்ஜர். ஓய்வில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.4க்கு இறங்கினால் கால் பங்கு போய்விட்டது.

நிறுத்தும் முன்: எண்ணெய் மாற்றம், டயர் காற்று 26 பிஎஸ்ஐயிலிருந்து 36க்கு, தொட்டி நிறைய இ5 பெட்ரோல். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பம்பில் வருவது இ10, எத்தனால் கூடுதல், ஈரத்தை இழுக்கும். இ5 சூப்பர் பம்பில் கிடைக்கும். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சக்கரத்துக்கு மரக்கட்டை போதும். இந்தக் காரின் பின் காலிப்பர் நெம்புகோல் ஈரத்தில் இறுகி நின்றுவிடும் இனம்.

பின் பிரேக் பேட் மாற்றும்போது பிஸ்டனைக் கிளாம்ப்பால் அழுத்தினால் உள்ளே போகாது, அழுத்தினால் உடையும். காலிப்பர் பின்பக்க மூடி போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மிமீ ஆலன் துளை தெரியும். இடஞ்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். பேட் மாட்டியதும் வலஞ்சுழியாகச் சக்கரம் பிடிக்கும்வரை திருப்பி, மூன்றில் ஒரு சுற்று பின்வாங்குங்கள். ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை இறுக்குபவர்கள் இந்த ஒரு படியை விட்டவர்கள்தான்.

கூரைதிற:
இதெல்லாம் முடிந்தால் சஸ்பென்ஷனுக்கு வரலாமா? ஜாக்கி எங்கே வைப்பது என்பதிலேயே குழப்பம்.

யாழ் ரோட்ஸ்டர்:
முன்னுக்கு குறுக்குச் சட்டத்தின்ர நடு, பின்னுக்கு டிஃப். ஸ்ராண்டு வைக்கிறது சில்லடி மடிப்பில, முன் ரயருக்குப் பின்னாலயும் பின் ரயருக்கு முன்னாலயும் பள்ளம் வெட்டி அடையாளம் இருக்கிற இடத்தில. நடுப் பள்ளம் உள்ள ரப்பர்க் கட்டை போடாட்டி மடிப்பு வளையும். கியர்பொக்சையும் டிஃப்பையும் இணைக்கிற நீள அலுமினியச் சட்டத்தில ஒருநாளும் ஜாக்கி வையாதேங்கோ.

டாம்பர் வாங்க முதல் அலைன்மென்ற் போல்ற்றுகள் சுத்துதோ எண்டு பாருங்கோ. சக்கரத்தைப் பிடிக்கிற கீழ் ஆர்மில இருக்கிற நீள போல்ற்றுகள் புஷ் எண்ட ரப்பர் மூட்டின்ர இரும்புக் குழாயோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். ஒரு கிழமைக்கு நாளுக்கு ஒருக்கா ஊடுருவும் எண்ணெய் அடியுங்கோ. அசையாட்டி புஷ்ஷின்ர ரெண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுக்க வேணும், அதாலை புது போல்ற்றும் புஷ்ஷும் கையில வைச்சுக்கொண்டு தொடங்குங்கோ.

மரைசாவி:
இதோடு ஒன்று. ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்ட்டுகளைக் கார் ஸ்டாண்டில் தொங்கும்போது இறுக்கிவிடாதீர்கள். ரப்பர் உள்குழாயோடு ஒட்டியது, தொங்கும் கோணத்தில் பூட்டினால் காரை இறக்கியதும் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். கையிறுக்கமாக விட்டு, சக்கரத்தில் நின்ற உயரத்தில் கடைசி இறுக்கம். புது டாம்பரோடு என்பி வண்டியின் மேல் மவுன்ட்டுகளையும் பம்ப் ஸ்டாப்பையும் (டாம்பர் அடியில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) போடுங்கள், என்ஏவில் குறைவாக உள்ள நகர்வு தூரம் கூடும். உயரத்தை மிகவும் இறக்கினால் அந்த ஆதாயம் முழுக்கப் போய்விடும்.

சாலைக்கான அலைன்மென்ட்: கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) முன்னே கழித்தல் 1, பின்னே கழித்தல் 1.5 டிகிரி, காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) 5 டிகிரிக்குப் பக்கம், முன் டோ (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளோ வெளியோ திரும்பிய அளவு) பூஜ்யம், பின் டோ மொத்தம் 3 மிமீ உள்நோக்கி. ஓட்டுபவர் எடையை சீட்டில் வைத்து அளக்கச் சொல்லுங்கள், இலேசான கார், வித்தியாசம் தெரியும்.

நீலவண்டி:
கூலன்ட் ரீரூட் கட்டாயம் செய்யச் சொல்வேன். இந்த என்ஜின் முன்சக்கர இழுவைக் கார்களுக்காகப் பிறந்த குடும்பம். இங்கே நீளவாக்கில் திருப்பி வைத்தபோது தெர்மோஸ்டாட் முன்முனையிலேயே நின்றுவிட்டது, கடைசி சிலிண்டருக்குக் குளிர்நீர் ஓட்டம் குறைவு.

பத்து மிமீ:
காரணம் சரி, முடிவு சரியில்லை. டர்போ வைத்தவருக்கும் டிராக்கில் ஓட்டுபவருக்கும் அது தேவை. ஞாயிற்றுக்கிழமை ஓடும் 1.6க்கு ரேடியேட்டரைப் பாருங்கள். மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்புக்கு மாறியிருந்தால் அது வெடிக்கப் போகிற அடையாளம். புது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், இரண்டு குழாய், 6 லிட்டர் கூலன்ட். ரீரூட்டின் விலைக்குள் இவ்வளவும் அடங்கும். கியர்பாக்ஸுக்கு 2 லிட்டர் 75டபிள்யூ-90 எண்ணெய், ஜிஎல்-4 தரம் மட்டும். டிஃப்புக்கு 1.6 வண்டியில் 0.65 லிட்டர். நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள், அது வராத நிலையில் பழைய எண்ணெயை இறக்கிவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

கூரைதிற:
ரேடியேட்டர் பழுப்புதான், மாற்றிவிடுகிறேன். டைமிங் மட்டும் மிச்சம்.

மரைசாவி:
அதைத் தொடும் முன் ஒரு சோதனை. என்ஜின் முன்னால் கிராங்க் (என்ஜினின் சுழல்தண்டு) புல்லியின் நடுமுகத்தில் உள்ள பள்ளங்களை எண்ணுங்கள். எட்டு என்றால் நீள மூக்குக் கிராங்க், கவலையில்லை. நான்கு என்றால் முதல் சில வருடங்களில் வந்த குட்டை மூக்கு. அதில் போல்ட் தளர்ந்தால் சாவித்துளை (புல்லியைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகக் கட்டையான சாவி உட்காரும் பள்ளம்) தேய்ந்து புல்லி ஆடும், கேம் டைமிங் பின்தங்கும், வண்டி வலுவிழக்கும்.

கூரைதிற:
எண்ணிவிட்டேன், நான்கு. ஐடிலில் பார்த்தால் ஆட்டம் எதுவும் தெரியவில்லை.

மரைசாவி:
நல்லது. ஆட்டமில்லாத போல்ட்டைக் காரணமில்லாமல் கழற்ற வேண்டாம். டைமிங் பெல்ட் மாற்றும் நாளில் புது போல்ட், புது சாவி, தேய்ந்திருந்தால் புது பல்சக்கரம். குட்டை மூக்குக்கு இறுக்கம் 108 முதல் 118 நியூட்டன் மீட்டர். நீள மூக்கின் 157-167ஐ இதில் கொடுத்துவிடாதீர்கள். சாவித்துளையில் லேசான தேய்மானம் இருந்தால் லாக்டைட் 660 நிரப்பி 24 மணி நேரம் விட்டு மூடுங்கள்.

இப்போதைக்கு டைமிங்: என்ஜின் முழுச் சூட்டில், ஏசி, விளக்கு அணைத்து, டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்று எழுதிய இரண்டு முனைகளையும் கம்பியால் இணையுங்கள். இணைக்காமல் அளந்தால் கம்ப்யூட்டர் தானே திருத்திக்கொண்டிருக்கும், நீங்கள் பார்க்கும் எண் பொய். சிலிண்டர் தலையின் பின்முனையில் உள்ள கேம் சென்சரின் 12 மிமீ போல்ட்டைத் தளர்த்தி, டைமிங் லைட்டில் 10 டிகிரியிலிருந்து 14க்குத் திருப்பிப் பூட்டுங்கள். அதே வேளையில் சென்சரின் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள், அங்கிருந்து ஒழுகும் எண்ணெய் கீழேயுள்ள ஹீட்டர் குழாயை ஊறவைத்துக் கெடுக்கும். பிறகு நான்காம் கியரில் ஏற்றத்தில் ஏறி, டிக்டிக் என்று தட்டும் சத்தம் கேட்டால் 12க்கு இறக்குங்கள்.

கூரைதிற:
ஈரப்பதமானி இரண்டும் வந்துவிட்டன. கீழே உள்ளது 84, மேலே உள்ளது 79. பாலித்தீன் மூன்று இடத்திலும் ஒட்டியாச்சு, நாளைக் காலை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.